பனியாற்றில் நான் எழுப்பிய சுவர்

இமயமலையில் ஒரு பனியாற்றுக்கு நடுவே செங்குத்தான சுவர் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக நான் முழுதாக நம்பினேன். நம்பியதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. சென்னை ஆய்வுக்கூடத்திலிருந்து பேருந்து பிடித்துக் காஞ்சிபுரத்தில் இறங்கியதும், கோயில் கோபுரத்தை மூன்று முறை அடுக்கினால் வரும் உயரம் என்று தெருவில் கண்டவரிடமெல்லாம் சொன்னேன். அந்த மலைப்பக்கம் நான் எட்டிப் பார்த்ததே இல்லை. எனக்குத் தெரிந்த குளிரெல்லாம் வெந்நீர் போட மறந்த மார்கழிக் காலைதான்.

என் வேலை இது. இரண்டு செயற்கைக்கோள்கள் ஒரு நாள் இடைவெளியில், சற்றே விலகிய பாதைகளில் பறந்து, ஒரே பனியாற்றை ரேடார் அலையால் படமெடுக்கும். இரண்டையும் ஒன்றோடொன்று பொருத்தினால் வானவில் மாதிரிப் பட்டைகள் தோன்றும். பனி நகர்ந்த பங்கைக் கழித்துவிட்டால் மிச்சமிருப்பது உயரம். சிவப்பில் தொடங்கி மறுபடி சிவப்பு வந்தால், தரை இன்ன அளவு ஏறியிருக்கிறது என்று பொருள். பட்டைகளை எண்ணினால் உயரம் கிடைக்கும். அவற்றின் நெருக்கத்தைப் பார்த்தால் சரிவு தெரியும். எண்ணுவது கணினி. கணினி எண்ணினால் தப்பாது என்பது என்னுடைய இன்னொரு மூடநம்பிக்கை.

அடுத்த வாரம் துறைத்தலைவர் என் சுவரைப் பார்த்தார். பாராட்டவில்லை. பழைய வரைபடத்தில் அங்கே வெறும் சரிவுதானே இருக்கிறது என்றார். அந்தப் பனியாற்றுக்கு ஒரு குழு புறப்பட இருந்தது. திங்கட்கிழமைக்குள் நான் விளக்கம் தராவிட்டால் பழைய வரைபடமே அவர்களோடு போகும்; என் மூன்று வருட உழைப்பு அலமாரிக்குப் போகும்.

ஞாயிறு காலை வீட்டுக் கூடத்தில் பட்டைப் படத்தை அச்சிட்ட தாள்களை ஒட்டிப் பரப்பி, நடுவில் உட்கார்ந்து வியர்த்தேன். திருப்பதிக்கு மொட்டை நேர்ந்துகொண்டேன். இருக்கிற முடிக்கு அது பெரிய காணிக்கை இல்லை என்று தோன்றவே அங்கப்பிரதட்சிணத்தையும் சேர்த்தேன். கவலையில் இட்லி இறங்கவில்லை, ஆறோடு நிறுத்திக்கொண்டேன்.

பக்கத்து வீட்டிலிருந்து தங்கை வந்தாள். அவள் ஜக்கார்டு தறிக்கு அட்டை தயாரிப்பவள். கட்டம் போட்ட தாளில் வரைந்த பார்டர் டிசைனை எண்ணி எண்ணி அட்டையில் துளை போடுவாள். ஒரு துளை பிசகினால் சேலையில் வரும் அத்தனை மயிலுக்கும் கழுத்து ஒடியும். ஆகவே, இடமிருந்து எண்ணிய வரிசையை வலமிருந்தும் எண்ணாமல் அவள் கை வைப்பதில்லை.

நான் புலம்பி முடித்ததும் ஒன்றுதான் கேட்டாள்.

"ஒரு வழியா எண்ணிக்கினு போனியே, வேற வழியா எண்ணிப் பாத்தியாண்ணா?"

"கம்ப்யூட்டர் எண்ணிச்சும்மா."

"அது எண்ணிச்சு, சரி. நீ இன்னா பண்ணே?"

இரண்டு பேரும் மண்டிபோட்டோம். பனியாற்றின் அடியிலிருந்து உச்சிக்கு அவள் இடது பாறைக்கரை வழியாகவும், நான் வலது பாறைக்கரை வழியாகவும் ஊர்ந்தோம். முதல் தடவை எனக்கு ஒன்று கூடுதலாக வந்தது. நடுவில் இட்லியையும் சேர்த்து எண்ணிவிட்டேனா என்று கேட்டாள். மறுபடி எண்ணினேன். இருவர் கணக்கும் ஒன்றாக வந்தது. கணினியின் கணக்கு மட்டும் இரண்டு பட்டை அதிகம்.

இடத்தையும் அவள்தான் விரல் வைத்துக் காட்டினாள். பனி பாளம் பாளமாக உடைந்து கிடந்த ஒரு பகுதியில் ரேடார் எதிரொலி குழம்பி, நிறங்கள் பொடிப்பொடியாகச் சிதறியிருந்தன. கணினி நேராக அதற்குள் புகுந்து, இல்லாத இரண்டு பட்டைகளை எண்ணிக்கொண்டு வெளியே வந்திருந்தது.

திங்கட்கிழமை அந்தப் பகுதியை அடைத்து, கரை வழியாகச் சுற்றி எண்ணும்படி நிரலை மாற்றினேன். சுவர் காணாமல் போனது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று தலைவர் கேட்டார். என் தங்கை எண்ணினாள் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். சொந்தமாகக் கண்டுபிடித்திருந்தால்கூட அவ்வளவு நிமிர்ந்திருக்க மாட்டேன்.

குழு எங்கள் வரைபடத்தோடு போனது. அந்த இடத்தில் நின்று அளந்தார்கள். அங்கே இருந்தது சீரான சரிவு. அவர்கள் அளந்த உயரத்துக்கும் எங்கள் உயரத்துக்கும் சில மீட்டர்தான் வித்தியாசம்.