வாய்க்காலில் எடுத்த மண்கட்டி

காலையில் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் அம்மாவின் வீடியோ வந்தது. ஒரு ஆட்டை விற்று அவள் வாங்கிய டச் போனில் எடுத்தது. வறண்ட வாய்க்காலில் நின்றபடி ஒரு மண்கட்டியைக் கேமராவுக்கு நேரே நீட்டி உடைக்கிறாள். அந்தச் சத்தம் என்னைச் சின்ன வயசுக்குக் கொண்டுபோய்விட்டது.

மேட்டூர் அணை திறந்தும் கடைமடையான எங்கள் ஊருக்குத் தண்ணீர் வராத வருஷம் அது. குத்தகை வயலில் நாற்று காய்ந்துகொண்டிருந்தது. அம்மா ஒயர் கூடையில் வாய்க்கால் மண்கட்டிகளை அள்ளிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ் முழுக்கக் காய்ந்த சேற்று வாசனை.

"உங்க ஊருக்குத் தண்ணி போயிடுச்சேம்மா" என்றார் பாசன ஆபீஸ் அதிகாரி.

அம்மா அவர் மேசைமேலேயே ஒரு கட்டியை உடைத்தாள். உள்ளே வெளுத்த நத்தை ஓடு. "தொட்டுப் பாருங்க சார்."

வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள், வரவில்லை. மறுநாள் புதுக் கட்டிகளோடு போனோம். "நேத்து எடுத்தத பழசுன்னுடுவாங்கடி" என்றாள். அப்படிப் போய்ப் போய்த்தான் மதகு திறந்தது.

இன்று அம்மாவின் வீடியோவுக்குக் கீழே, குழுவில் இருக்கும் இப்போதைய அதிகாரி எழுதியிருந்தார்: "இது போன வருஷ வீடியோ மாதிரி இருக்கேம்மா."

எனக்கு ஆத்திரமாக வந்தது. அம்மாவைப் போனில் கூப்பிட்டேன். வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கழித்துத்தான் எடுத்தாள்.

"அவருக்கே வீடியோ கால் போட்டு வாய்க்கால் முழுக்க நடந்து காட்டுனேன்டி. மத்தியானம் வர்றாராம்."

"வரலன்னா?"

"திரும்பப் போடுவேன்."

"நெட்டு தீந்துட்டா?"

"ஒயர் கூடை இன்னும் இருக்குல்ல" என்றாள்.