மெசாக் அண்ணன் கருக்கி ஊன்றிய கம்புகள்

மெசாக் அண்ணன் வேலி போடுவதைப் பார்த்தால் ஊருக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சிரிப்பு வரும். பூவரசங் கம்புகளை வெட்டிக்கொண்டு வருவார். பட்டையைத் துளி விடாமல் உரிப்பார். பிறகு அடிமுனையைத் தீயில் காட்டி, கரியாகும்வரை திருப்பித் திருப்பிக் கருக்குவார். அதற்கு அப்புறம்தான் மண்ணில் அடிப்பார். மற்றவர்கள் வெட்டிய கையோடு பச்சைக் கம்பை ஊன்றிவிட்டுப் போய்விடுவார்கள். மழை விழுந்ததும் அது துளிர்த்து உயிர்வேலியாகிவிடும். மெசாக் அண்ணன் ஊன்றிய கம்பு மட்டும் துளிர்க்கவே கூடாது.

எப்பித் தீவில் எங்கள் லோவானி ஊர்க்காரர்கள் யாருக்கும் இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கிழங்கு நடுகிறவன் அந்த வருஷத்துச் சாப்பாட்டை நடுகிறான். மரம் நடுகிறவனோ, இந்த மண் என்னுடையது, எனக்குப் பிறகு என் பிள்ளைகளுடையது என்று ஊருக்கு அறிவிக்கிறான். பட்டா, பத்திரம் எல்லாம் எங்களுக்கு மரம்தான். மெசாக் அண்ணனின் அப்பா அம்ப்ரிம் தீவுக்காரர். அங்கே எரிமலை சாம்பலைக் கொட்டித் தோட்டத்தையும் தண்ணீரையும் மூடியபோது, கப்பலில் ஏற்றி இங்கே இறக்கிவிடப்பட்டவர். என் தாத்தா ஓடையோரம் ஒரு துண்டு நிலத்தைக் காட்டி, "சாப்பிடு, புள்ளகுட்டியோட இரு, மரம் மட்டும் வைக்காதே" என்றாராம். அதற்கு ஈடாகப் பன்றியும் பாயும் கைமாறின. அண்ணனின் அப்பா அந்தப் பேச்சைக் காப்பாற்றினார். மகன் அவரையும் மிஞ்சிவிட்டார்.

நான் அந்தத் தாத்தாவின் பேத்தி, செலினா. உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவள். நிலம் இப்போது என் தம்பி எனோக்கின் கையில் இருக்கிறது. நில விஷயத்தில் பெண் வாய்க்கு இங்கே மதிப்பு கிடையாது. மெசாக் அண்ணனுக்கு நான் தங்கச்சி. ஆனால் என்னைவிடச் சின்னவனான எனோக் அவருக்குப் "பெரியவர்". அவனுக்கு நீச்சல் கற்றுக் கொடுத்ததே இவர்தான். நாலு முழத் துணி கட்டிக்கொண்டு மூக்கு ஒழுகி நின்ற பயலை இவர் "பெரியவரே" என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் வீட்டில் மாம்பழம் தின்றால் பிள்ளைகள் கொட்டையை அப்பா கையில் கொடுத்துவிட வேண்டும். அவர் அதை அடுப்பில் போடுவார். ஒரு தடவை அவர் மகள் தபீத்தாள் சமையல் குடிசைக்குப் பின்னால் எலுமிச்சை விதையைப் புதைத்து, யாருக்கும் தெரியாமல் தண்ணீர் ஊற்றி வந்திருக்கிறாள். முழங்கால் உயரம் வந்த பிறகுதான் அண்ணன் கண்ணில் பட்டது. அடிக்கவில்லை, திட்டவில்லை. வேர் அறுபடாமல் மண்ணோடு தோண்டி, எனோக் வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து வைத்தார்.

"பெரியவரே, புள்ள தெரியாமப் பண்ணிட்டா."

எனோக் அதைத் தன் கிணற்றடியில் நட்டுக்கொண்டான். இன்றைக்கும் மீனுக்கு அந்த எலுமிச்சையைத்தான் பிழிகிறோம். தபீத்தாள் வந்து கேட்டால் அவளுக்கும் கொடுப்போம், எங்களுக்கு மனசு பெரிசு.

அம்ப்ரிமுக்கே திரும்பிப் போயிருக்கலாமே என்பீர்கள். போய்ப் பார்த்தார். அப்பாவின் இடத்தில் வேறு யாரோ வைத்த தென்னைகள் காய்த்து நின்றனவாம். "எப்பிக்காரர் வந்திருக்கார்" என்று கூப்பிட்டு உட்காரவைத்து, துருவிய கிழங்கை இலையில் கட்டிச் சூடான கல்லில் வைத்து லாப்லாப் சுட்டுக் கொடுத்து, அடுத்த கப்பலில் ஏற்றிவிட்டார்களாம்.

"உபசாரத்துல ஒரு குறையும் இல்ல தங்கச்சி," என்றார் என்னிடம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அப்படியே காலம் ஓடியிருக்கும். அதற்குள் ஒரு பெரிய புயல் வந்து மலைச்சரிவை மொட்டையடித்துவிட்டுப் போனது. ஓடை புரண்டு மெசாக் அண்ணனின் கிழங்குப் பாத்திகளை வாரிக்கொண்டு போனது. மிச்சத்தைக் காட்டுப் பன்றிகள் கிளறித் தின்றன. அப்போதுதான் மரமும் தோட்டமும் வளர்க்கிறோம் என்று ஒரு வெளிநாட்டு உதவிக் கூட்டத்தார் வந்தார்கள். தோட்டத்தின் ஓரத்தில் வெள்ளைமரக் கன்று நடுகிற குடும்பத்துக்கு விதைக்கிழங்கு, மண்வெட்டி, பன்றி நுழையாத கம்பிவேலி எல்லாம் இலவசம். பொறுப்பாக வந்தவள் ரொசல்டா. சாந்தோ டவுனில் பிறந்து வளர்ந்தவள். தங்கமான பெண், யாரையும் முகம் சுளிக்க வைக்க மாட்டாள்.

"ஐயா, உங்க தோட்டத்துக்கும் கன்னு எழுதிக்கட்டுமா?" என்று மெசாக் அண்ணனைக் கேட்டாள்.

"எனக்கு வேண்டாம்மா. கெழங்கு மட்டும் குடுத்தாப் போதும்."

"ரெண்டும் சேந்துதான் வரும். ஏன் ஐயா, மரம்னா பயமா?"

"ஆமாம்மா, பயந்தான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கிழவர் வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். விஷயத்தை ஒருத்தராவது அவளிடம் சொல்ல வேண்டுமே? சொல்ல மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் என்ன வேண்டுமானாலும் பேசலாம். வந்த விருந்தாளியின் முன்னால் ஒரு மனுஷனைக் காட்டி, "இவர் இந்த ஊர்க்காரர் இல்லை, வந்தவர்" என்று சொல்வது எங்களுக்கு அவர் இடுப்புத் துணியை உருவுவதற்குச் சமம். அவரே சொல்லிக்கொள்ளலாம்தான். அது எனோக் மேல் புகார் சொன்னதுபோல ஆகிவிடும் என்று அவர் வாயை மூடிக்கொண்டார்.

அந்த வாரத்திலேயே அவர் மனைவி லேயாவுக்கு வயிற்றுவலி முற்றி, தலைநகரமான விலா டவுனில் ஆபரேஷன் என்று இரண்டு பேரும் கப்பலேறிப் போய்விட்டார்கள். கன்று நடும் நாள் அவர்கள் இல்லாத நேரத்தில் வந்தது. நான் மற்றப் பெண்களோடு கோவிலுக்குப் பின்னால் லாப்லாப்புக்குக் கல் சுட்டுக்கொண்டிருந்தேன். நடந்ததை எனோக்கே பிறகு என்னிடம் சொன்னான்.

பாஸ்டர் முன்னால் போக, இளைஞர் கூட்டம் பாட்டுப் பாடிக்கொண்டு தோட்டம் தோட்டமாக நட்டு வந்திருக்கிறது. ஒவ்வொரு தோட்டத்திலும் ஜெபம். மெசாக் அண்ணனின் தோட்டம் வந்ததும் ரொசல்டா நின்றிருக்கிறாள். "பாவம், ஆஸ்பத்திரில இருக்காங்க. அவங்க பங்க நாம நட்டுட்டா கம்பியும் கெழங்கும் கெடைச்சிருமே?" என்றிருக்கிறாள். எல்லோரும் எனோக்கைப் பார்த்தார்களாம். எனோக் பாஸ்டரைப் பார்த்தானாம். பாஸ்டர் மேகத்தைப் பார்த்தாராம்.

"நல்லதுதானே" என்று சொல்லிவிட்டான் என் தம்பி.

"ஏண்டா அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன்.

"என்னக்கா பண்றது? ஆஸ்பத்திரில கெடக்குறவர அத்தன பேர் முன்னால இது உன் மண்ணில்லன்னு சொல்லச் சொல்றியா? வந்ததும் அவரே பிடுங்கிக் கொண்டாந்து குடுத்துருவார்னு நெனச்சேன். எலுமிச்சங்கன்னு குடுத்தாரே, அந்த மாதிரி."

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சண்டை போடவாவது ஆள் கிடைத்திருக்கும்.

விலா டவுனிலிருந்து திரும்பிய அன்று, லேயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். புதுக் கம்பிவேலி வெயிலில் மின்னியது. அதன் உள்பக்கம் வரிசையாக வெள்ளைமரக் கன்றுகள். மெசாக் அண்ணன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரு நட்டா தங்கச்சி?"

"எல்லாரும்தான் அண்ணே."

வீட்டுக்குள் போகாமல் நேரே எனோக்கின் முற்றத்துக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். எனோக்கின் மகன்கள் இருவரும் நியூசிலாந்தில் ஆப்பிள் பறித்துவிட்டுத் திரும்பியிருந்த நேரம். வாசலிலேயே நின்றார்கள்.

"பெரியவரே, நான் நடல."

"தெரியும்" என்றான் எனோக்.

"பிடுங்கிரட்டுமா?"

"பாஸ்டர் ஜெபம் பண்ணி நட்டது. நீங்க கைய வெச்சா ஊரு ஒரு மாதிரி பேசும்."

"அப்ப நீங்க பிடுங்குங்க."

"நான் பிடுங்கினா உங்கள அசிங்கப்படுத்தின மாதிரி ஆயிருமே."

இரண்டு பேர் சொன்னதும் சரி. இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மூத்த மகன்தான் வாயைத் திறந்தான்.

"மண்ணுல நிக்கிற மரத்துக்கு ஒரு சொந்தக்காரன் வேணும்ல? யாருதுன்னு சொல்லிட்டா முடிஞ்சுது."

ஊர்ப் பேச்சு நடக்கும் நகமால் குடிசையில் ஆண்கள் கூடி உட்கார்ந்தார்கள். பெண்கள் அதற்குள் கால் வைக்கக் கூடாது. லேயாவும் நானும் வெளியே மூங்கில் தட்டிக்கு இந்தப்புறம் நின்றோம். பேச்சு நீளவே இல்லை. கன்றுகள் எனோக்குடையவை, மெசாக் மேல் தப்பு எதுவும் இல்லை, அபராதமும் கிடையாது, தோட்டத்தில் கிழங்கு போட்டுக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. மெசாக் அண்ணன் "சந்தோஷம் பெரியவரே" என்று சொன்னது எங்களுக்குக் கேட்டது. பன்றி அடித்துக் காவா வேர்ச்சாறு குடித்தார்கள். சமாதானம் உண்டாயிற்று என்று பாஸ்டர் நன்றி சொல்லி ஜெபித்தார். வெளியே வந்த அத்தனை ஆண்கள் முகத்திலும் நிம்மதி.

"செலினா, மரம் வளந்து நெழல் விழுந்தா கெழங்கு வெளையாதே," என்றாள் லேயா. "உள்ள அத யாராவது கேட்டாங்களா?"

யாரும் கேட்கவில்லை. நான் போய் எனோக்கைக் கேட்டேன்.

"அதுக்கு இன்னும் வருஷம் கெடக்குதுக்கா."

"வருஷம் வந்ததும்?"

"அப்பப் பாத்துக்கலாம்."

மூத்தவன் குறுக்கே வந்தான். "அத்தை, எங்க மரம் எங்க நிக்குதோ அது எங்க எடம். இதுல பாக்குறதுக்கு என்ன இருக்கு?" திமிராகக்கூடச் சொல்லவில்லை, மழை வரும்போலிருக்கிறது என்பதைப்போலச் சொன்னான். எனக்கு நியூசிலாந்திலிருந்து கம்பளிச் சட்டை வாங்கி வந்த நல்ல பிள்ளை. அவன் வீடு கட்ட வேண்டும், அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ரொசல்டாவைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் செத்துப்போயிற்று.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நட்டிருக்கவே மாட்டோமேக்கா. ஏன் யாருமே சொல்லல?"

அவள் அழுதாள். தோண்டி எடுத்துவிடுகிறேன் என்றாள். இப்போது அது எனோக்கின் மரம், தொட்டால் அது வேறு வழக்கு என்றேன். எனோக்கிடமும் கேட்டுப் பார்த்தாள். "நகமால்ல பேசி முடிச்சதம்மா" என்று மரியாதையாகச் சொல்லி, இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பினான்.

மற்றவர் தோட்டத்துக் கன்றுகளில் பாதியை மாடு கம்பிக்கு மேலே கழுத்தை நீட்டி மேய்ந்துவிட்டது, மீதியைக் கொடி ஏறி அமுக்கிவிட்டது. மெசாக் அண்ணனின் தோட்டத்தில் ஒன்றுகூடச் சாகவில்லை. மழை இல்லாத காலத்தில் ஓடையிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து ஊற்றினார். கொடி அறுத்தார், புழு பொறுக்கினார்.

"எதுக்கண்ணே இந்தப் பாடு?" என்று கேட்டேன்.

"காஞ்சுபோனா நான் வயித்தெரிச்சல்ல கொன்னுட்டேன்னு சொல்லுவாங்க தங்கச்சி."

மரங்கள் மளமளவென்று ஏறி அவர் தலையைத் தாண்டின. உதவிக் கூட்டத்தார் வந்து அவரை மரத்தோடு நிறுத்திப் படம் எடுத்தார்கள். அடுத்த வருஷக் காலண்டரில் அவர்தான் சிறந்த விவசாயி. தன்னைத் துரத்தப்போகிற மரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறார். நான் என் வீட்டுக் காலண்டரைக் கிழித்து அடுப்பில் போட்டேன். எனோக் வீட்டில் வருஷம் முடிந்தும் தொங்குகிறது.

இந்தத் தடவை மரத்தை ஒட்டிய பாத்தியில் கிழங்கு குழந்தைக் கை அளவுக்குத்தான் விழுந்தது. மெசாக் அண்ணன் அந்தப் பாத்தியை விட்டுவிட்டு ஒரு வரிசை உள்ளே தள்ளிப் போட்டார். அடுத்த வருஷம் இன்னும் ஒரு வரிசை தள்ளுவார். உள்ளே தள்ளிக்கொண்டே போனால் கடைசியில் வீட்டு வாசல்தான்.

போன வாரம் ரேடியோவில் புயல் எச்சரிக்கை சொன்னார்கள். ஊரே கூரைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தது. நான் ஓடைப் பக்கம் போனேன். மெசாக் அண்ணன் கூரையை விட்டுவிட்டு மரங்களுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மரத்துக்கும் மூன்று பக்கமும் கம்பு.

"விடுங்கண்ணே," என்றேன். "சாஞ்சா சாஞ்சுட்டுப் போகட்டும். காத்து பண்ணினதுக்கு உங்கள யாரும் ஒண்ணும் கேக்க முடியாது."

உண்மையைச் சொன்னால், அந்தப் புயல் வர வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டுதான் போயிருந்தேன். என் கூரையையும் சேர்த்துக் கொண்டுபோனாலும் சரி என்றிருந்தது.

அவர் நிமிர்ந்து மரத்தின் உச்சியைப் பார்த்தார். காற்று தொடங்கியிருந்தது.

"சாஞ்சா அந்தப் படம் எடுத்தவங்க புதுசு கொண்டாருவாங்க தங்கச்சி. மறுபடி மொதல்லேருந்து தண்ணி தூக்கணும்."

பக்கத்தில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. முட்டுக் கொடுக்க வைத்திருந்த பூவரசங் கம்பு ஒன்றை எடுத்து, பட்டையை உரித்து, அடிமுனையைத் தீயில் காட்டித் திருப்ப ஆரம்பித்தார். எனக்குத் தாங்கவில்லை.

"இன்னும் எதுக்கண்ணே கருக்குறீங்க? அதான் மரமே நிக்குதே."

"மரம் பெரியவரோடது. கம்பு நான் ஊன்றது." கம்பை வெளியே எடுத்து ஊதிப் பார்த்துவிட்டு மறுபடி நெருப்பில் வைத்தார். "துளிர்த்துக்கிளிர்த்து வெச்சா?"

மழை வருவதற்குள் முடிக்க வேண்டியிருந்தது. நானும் உட்கார்ந்து ஒரு கம்பை எடுத்துப் பட்டையை உரிக்க ஆரம்பித்தேன்.