வேலையை விட்டு நீக்கப்பட்ட வாசுதேவன்

என் கணவர் சபரிக்குக் கோபம் வந்தால் எதையாவது ஆரம்பித்துவிடுவார். பால் பாக்கெட் போடுகிறவரோடு சண்டை வந்தபோது வீட்டிலேயே பன்னீர் செய்யப் போகிறேன் என்று பெரிய பாத்திரமாக வாங்கி வந்தார். அது இன்னும் பரண்மேல் இருக்கிறது. எங்கள் ஹோஸ்டிங் கம்பெனியும் அப்படித்தான் பிறந்தது.

நாங்கள் இருப்பது புனேவை ஒட்டிய சிஞ்ச்வட்டில் ஒரு ஹவுசிங் சொசைட்டியில். கோயம்புத்தூரிலிருந்து வந்து வருஷங்களாகிவிட்டன. சபரி ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறார். நான் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு பூகோளம் எடுக்கிறேன். சொசைட்டியின் வலைத்தளத்தை சபரிதான் இலவசமாகப் பார்த்து வந்தார். ஒரு தடவை அது முடங்கிப்போய் நாள்கணக்கில் சரியாகவில்லை. தளத்துக்கு இடம் கொடுத்திருந்த கம்பெனியைக் கூப்பிட்டு, இதைவிட நானே நன்றாக நடத்துவேன் என்று இந்தியில் கத்தினார். எதிர்முனையில் இருந்த ஆள் அமைதியாக, செய்யுங்கள் சார் என்றாராம். அந்த அமைதிதான் எங்களைத் தொழிலதிபர்கள் ஆக்கியது.

தொழில் ஒன்றும் பெரிய மந்திரம் இல்லை. ஒரு வலைத்தளம் எல்லோருக்கும் தெரிய வேண்டுமானால் அது எப்போதும் அணையாத ஒரு கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். அதற்குப் பெயர் சர்வர். எங்கோ தூர தேசத்தில் இருக்கிற ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, அதைத் துண்டு துண்டாக உள்வாடகைக்கு விடுவோம். வீடு வாங்க வழியில்லாதவர்கள் ஹாஸ்டல் நடத்துவதுபோல. ‘சிகரம் ஹோஸ்டிங்’ என்று பெயர் வைத்தோம். மராத்திக்காரர்களுக்கும் புரியும் பெயர் என்பதில் சபரிக்குப் பெருமை.

சிகரத்தின் தலைமை அலுவலகம் எங்கள் சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போட இருக்கும் ட்ரை பால்கனி. அங்கே ஏற்கெனவே வாஷிங் மெஷின் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு மடக்கு மேஜை போட்டோம். வாடிக்கையாளர்கள் கூப்பிடும்போது மெஷின் துணி பிழிய ஆரம்பித்தால் அலுவலகமே அதிரும். அது என்ன சத்தம் என்று கேட்பார்கள். சர்வர் ரூமில் இருக்கிறேன் என்பார் சபரி. அப்படியா என்று அவர்கள் குரலில் ஒரு மரியாதை ஏறும்.

மெல்ல மெல்ல ஆட்கள் சேர்ந்தார்கள். விஷ்ராந்த்வாடியில் வீட்டிலேயே பொடி, முறுக்கு போட்டு விற்கும் கிரிஜா மாமி, புனேயின் கேம்ப் கடைவீதியில் பரிசுக் கோப்பைகளும் ஷீல்டுகளும் விற்கும் லக்ஷ்மிநாராயணன், பிம்ப்ரியில் வால்வு செய்யும் முதலாளி ஒருவர், ஒரு யோகா டீச்சர், இன்னும் சிலர். பகலில் சபரி தொழிற்சாலையில் இருப்பதால் மெயில்களுக்குப் பதில் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. சபரி சொல்லிக் கொடுத்ததை நான் ஆறாம் வகுப்புக்குச் சொல்வதுபோல எழுதுவேன். முதலில் இதை அழுத்துங்கள், பிறகு இடது மேல் மூலையைப் பாருங்கள் என்று. கீழே சுஷ்மா என்று கையெழுத்து.

ஒரு நாள் வால்வு முதலாளிக்கு அப்படிப் பதில் எழுதினேன். நன்றி மேடம், இதை டெக்னிகல் ஆள் யாரிடமாவது கேட்டுச் சொல்ல முடியுமா என்று மெயில் வந்தது. எனக்குச் சுருக்கென்றது. எங்களுக்கு முன் எங்கள் பிளாட்டில் இருந்த வாசுதேவன் என்பவருக்கு இன்னும் தபால்கள் வந்துகொண்டிருந்தன. மேஜைமேல் ஒன்று கிடந்தது. அதே பதிலை ஒரு எழுத்துகூட மாற்றாமல், கீழே வாசுதேவன் என்று போட்டு அனுப்பினேன். உடனே பதில் வந்தது. பிரமாதம் சார், இப்போதுதான் புரிந்தது.

அன்றிலிருந்து சிகரம் ஹோஸ்டிங்கின் தொழில்நுட்பப் பிரிவுக்கு வாசுதேவன் தலைவர். அந்தப் பிரிவில் வேறு யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வாசுதேவன் என்னைவிட நல்ல மனுஷன். வகுப்பில் யாராவது ஒரே கேள்வியை மூன்றாவது தடவை கேட்டால் நான் சாக்பீஸை உடைப்பேன். அவர் பத்தாவது தடவையும், கவலைப்படாதீர்கள், சேர்ந்தே பார்ப்போம் என்று எழுதுவார். கிரிஜா மாமி இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் அடித்து, வலைத்தளத்தில் ஆரம்பித்து முட்டிவலிவரை போய்விடுவார். வாசுதேவன் எல்லாவற்றுக்கும் பதில் போடுவார். வீட்டில் நான் எரிந்து விழுந்தால் சபரி, “கொஞ்சம் வாசுதேவன்கிட்ட குடு” என்பார்.

சபரிக்கு நேர் எதிர் குணம். போனை எடுத்தாலே “சொல்லுங்க, என்ன ப்ராப்ளம்” என்று ஆரம்பிப்பார், கடன்காரன் கூப்பிட்டதுபோல. அதனால் எல்லோரும் வாசுதேவனிடம் பேச வேண்டும் என்பார்கள். அவர் எப்போதும் சர்வர் ரூமில் இருப்பார்.

தீபாவளி நெருங்கிய ஒரு சனிக்கிழமை மத்தியானம், சர்வரில் இடம் போதவில்லை என்று சபரி பழைய குப்பைகளைக் கழிக்க உட்கார்ந்தார். நான் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். பால்கனியிலிருந்து கொஞ்ச நேரம் தட்டச்சுச் சத்தம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. சபரியிடமிருந்து சத்தமே வராவிட்டால்தான் எனக்குப் பயம். போய்ப் பார்த்தேன். ஒரு வரி தப்பாக அடித்திருந்தார். அத்தனை பேருடைய தளமும் போயிருந்தது.

“பேக்கப் இருக்குமில்லங்க?” என்றேன்.

இருந்தது. தினமும் தவறாமல் பிரதி எடுத்துத்தான் வந்திருக்கிறோம். அதே சர்வரில், அதே இடத்தில். பீரோ சாவியைப் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. சர்வரை வாடகைக்கு விட்டிருந்த கம்பெனிக்கு எழுதினோம். பிரதி எடுத்து வைப்பது உங்கள் பொறுப்பு என்று கெவின் என்பவர் மிகமிகப் பணிவாகப் பதில் எழுதியிருந்தார். அந்தக் கெவின் நிஜமான ஆள்தானா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

மறுநாள் காலை நான் காய்கறி வாங்கப் போயிருந்த நேரத்தில் சபரி எல்லா வாடிக்கையாளர்களுக்கும் ஒரு மெயில் அனுப்பிவிட்டார். திரும்பி வந்து பையைக்கூட இறக்காமல் படித்தேன். ‘எங்கள் ஊழியர் திரு. வாசுதேவனின் கவனக்குறைவால் இந்த இழப்பு நேர்ந்தது. அவர் உடனடியாகப் பணியிலிருந்து நீக்கப்பட்டுள்ளார்.’

“என்னை வேலைய விட்டு எடுத்துட்டீங்களா?”

“உன்னை இல்ல சுஷ்மா. வாசுதேவன.”

“வாசுதேவன் யாருங்க?”

நான் வெண்டைக்காயை சிங்க்கில் கொட்டிவிட்டு அறைக்குள் போய் உட்கார்ந்தேன். சம்பளம் இல்லாத வேலை, இல்லாத ஆள். ஆனாலும் வேலை போனால் வலிக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

மத்தியானம் கிரிஜா மாமி கூப்பிட்டார். தீபாவளி ஆர்டர் எல்லாம் அந்தத் தளத்தின் வழியாகத்தான் வரும், எனவே சபரி காதைப் பொத்திக்கொள்ளத் தயாராகத்தான் போனை எடுத்தார். மாமி முறுக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “பண்டிகை நேரத்துல ஒருத்தர் வயித்துல அடிக்கலாமா? அவருக்குக் குழந்தை குட்டி இருக்காதா?” என்று கேட்டார். யோகா டீச்சர் எழுதினார், கோபத்தில் எடுத்த முடிவை மறுபடி யோசியுங்கள் என்று. வால்வு முதலாளி இரண்டே வரி எழுதியிருந்தார். வேலைக்காரன் தப்பு செய்தால் அவனைக் கவனிக்காத முதலாளியைத்தான் முதலில் நீக்க வேண்டும். அதை நான் சபரிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பிறகு கேட்கவில்லை என்றதால் மறுபடியும் படித்தேன்.

கோபம் கொஞ்சம் ஆறிய பிறகு வாசுதேவனின் மெயில் பெட்டியைத் திறந்து பார்த்தேன், என்னைப் பற்றி யாராவது நல்லதாக எழுதியிருக்கிறார்களா என்று. அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. வாடிக்கையாளர்கள் யாருக்கும் தாங்களாகப் படம் ஏற்றத் தெரியாது. முறுக்குப் படம், வால்வுப் படம், விலை விவரம் எல்லாவற்றையும் வாசுதேவனுக்கு அனுப்பித்தான் ஏற்றச் சொல்லியிருந்தார்கள். அத்தனையும் அப்படியே பெட்டியில் இருந்தன. எங்கள் சர்வர்மேல் எங்களுக்கே இருந்த நம்பிக்கையால் மெயிலை மட்டும் வேறு கம்பெனியில் வைத்திருந்தோம்.

அடுத்து வந்த நாட்களில் இருவரும் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு தளமாகத் திரும்பக் கட்டினோம். முதலில் கிரிஜா மாமியுடையது. லக்ஷ்மிநாராயணன் மட்டும்தான் மாட்டிக்கொண்டார். அவர் தன் கோப்பைப் படங்களை பென் டிரைவில் சபரி கையில் கொடுத்தவர். அந்த பென் டிரைவ் போன இடம் தெரியவில்லை.

அவரே அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலில் வந்து நின்றார். எழுபதை நெருங்கும் மனிதர், பிறந்து வளர்ந்தது எல்லாம் புனே. லோக்கல் ரயிலில் வந்திருந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து சபரி அவரை அவசரமாக சோபாவில் உட்கார வைத்தார்.

“எனக்கு வாசுதேவன் அட்ரஸ் வேணும்” என்றார் அவர். “என் துகான்ல, அதான் கடைல, கம்ப்யூட்டர் பாக்க ஒரு ஆள் வேணும். நீங்க தூக்கிட்டீங்க, நான் எடுத்துக்கறேன். அவ்ளோதான்.”

“அவர் ஊருக்குப் போயிட்டாருங்க” என்றார் சபரி.

“எந்த ஊர்?”

“மதுரை” என்றார் சபரி. அதே நேரத்தில் நான் “சேலம்” என்றேன்.

லக்ஷ்மிநாராயணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே வாஷிங் மெஷின் பிழிய ஆரம்பித்தது. சர்வர் ரூமா என்று கேட்டார். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

“சார், வாசுதேவன் நான்தாங்க.”

அவர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து ட்ரை பால்கனியை எட்டிப் பார்த்தார். மடக்கு மேஜை, லேப்டாப், சோப்புத்தூள் டப்பா, கொடியில் சபரியின் பனியன். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“போன மழைக்காலத்துல என் மிஸஸ் ஹாஸ்பிட்டல்ல இருந்தா. ஆபரேஷன். மிஸஸ் ஹாஸ்பிட்டல்ல, இதுல சைட்டும் வேலை செய்யலைன்னு நான் கோவமா ஒரு மெயில் போட்டேன். ‘கடைய நான் பாத்துக்கறேன், நீங்க வீட்டம்மா பக்கத்துல இருங்க’ன்னு பதில் வந்தது. அது யார் எழுதினது?”

“நான்தாங்க.”

“அப்பறம் ஆம்பளை பேர் எதுக்கு?”

வால்வு முதலாளி கதையைச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். தன் கடையிலும் அவர் மனைவி போனை எடுத்தால் முதலாளியைக் கூப்பிடுங்கள் என்றுதான் சொல்வார்களாம், விலையெல்லாம் அந்த அம்மாவுக்குத்தான் தெரியும் என்றாலும். பிறகு சபரி பக்கம் திரும்பினார்.

“தப்பு பண்ணினது நீங்க. இல்லாத ஆள் மேல போட்டீங்க. எல்லாருக்கும் திரும்பி எழுதுங்க.”

சபரி எழுதினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து இலக்கணம் மட்டும் திருத்தினேன். தளங்களை அழித்தது தான்தான் என்றும், வாசுதேவன் என்று யாரும் இல்லை என்றும், அந்தப் பதில்களை எழுதியது தன் மனைவி சுஷ்மா என்றும் எழுதினார். சிலர் விலகிப் போனார்கள். குறை சொல்ல முடியாது. வால்வு முதலாளி, மேடமே தொடரலாம் என்று இரண்டே வார்த்தையில் முடித்துக்கொண்டார். அதில் மன்னிப்பு எங்கே இருக்கிறது என்று நான் நெடுநேரம் தேடினேன். கிரிஜா மாமிக்குத்தான் என்மேல் வருத்தம். பொம்பளையிடம் பேசுகிறோம் என்று தெரிந்திருந்தால் முட்டிவலியோடு நிறுத்தியிருக்க மாட்டாராம்.

தீபாவளி முடிந்ததும் லக்ஷ்மிநாராயணனின் கோப்பைகளைப் புதிதாகப் படம் எடுக்க நாங்கள் கேம்ப்புக்குப் போனோம். அவருடைய கடை குறுகலானது, தரையிலிருந்து கூரைவரை பளபளவென்று கோப்பைகள். பின்னால் பிடிக்க வீட்டிலிருந்து வெள்ளைப் போர்வை கொண்டுபோயிருந்தேன். சபரி அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அசையாதே, கை நடுங்குகிறது, கொஞ்சம் மேலே என்று அந்தப் பெரியவர் சபரியைப் போட்டு வாட்டியதை நான் கொஞ்சம் ரசித்தேன் என்பதை மறைக்கவில்லை. ஒவ்வொரு கோப்பையிலும் போர்வைக்குப் பதிலாக என் முகம்தான் விழுந்தது, மூக்கு பெரிதாக. கடைசியில் அவர் மனைவி வந்து என்னைக் குனிந்து எடுக்கச் சொன்னார். அதன் பிறகுதான் ஒரு படமாவது உருப்பட்டது. எங்களுக்கு வடா பாவும் டீயும் வரவழைத்துக் கொடுத்தார்கள். வேலைக்கு வருகிறீர்களா என்று லக்ஷ்மிநாராயணன் என்னை மறுபடியும் கேட்டார். ஏற்கெனவே ஒரு கம்பெனி என்னை நீக்கிவிட்டு மறுபடி எடுத்திருக்கிறது, அதை விட்டு வர மனசில்லை என்றேன்.

புனே ஸ்டேஷனில் லோக்கல் பிடித்தோம். உட்கார இடம் கிடைத்தது. சிவாஜி நகரில் வண்டி நின்றபோது சபரியின் போன் அடித்தது. எடுத்து, “சொல்லுங்க, என்ன” என்று ஆரம்பித்தவர் என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

“சொல்லுங்க மேடம். இல்லீங்க, டெக்னிகல் ஆள் இங்கதான் பக்கத்துல இருக்காங்க” என்று சொல்லிப் போனை என்னிடம் நீட்டினார்.

யோகா டீச்சர். காலையிலிருந்து தன்னுடைய தளம் திறக்கவே இல்லையாம். நான் பைக்குள் இருந்த பேனாவை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தேன். திரையில் என்ன தெரிகிறது, இடது மேல் மூலையில் என்ன இருக்கிறது. கட்கி போயிற்று, தாபோடி போயிற்று. பிம்ப்ரி வந்தபோதுதான் அவர் வீட்டில் இன்டர்நெட் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு யாரோ மிக்ஸி போட்டிருந்தது தெரிந்தது.