லொறி கிளம்புகிறது என்றேன்

பலாங்கொடை கராஜில் என் பழைய காரின் ரேடியேட்டர் மூடியைத் திறந்ததும் துருத்தண்ணீர் கொதித்த நாற்றம் எழுந்தது.

"எஞ்சினை இறக்கணும் சேர். பத்து நாளாகும். கார் விலையைவிட செலவு கூட. அப்புறமும் உறுதி சொல்ல ஏலாது," என்றார் மெக்கானிக்.

வாரம் இருமுறை என் மனைவிக்கு இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். நாளையும் போக வேண்டும். வாடகை வண்டிக்கு என் ஓய்வூதியம் எட்டாது.

எட்டு வயதில் இதே நாற்றத்தின் முன் நின்றிருக்கிறேன். தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி ஆவி கக்கி நின்றது. எங்கள் லயத்து வீட்டில் தங்கச்சி காய்ச்சலில் அனத்திக்கொண்டிருந்தாள்.

"லொறி சரியாயிருமா, இல்ல கம்பளியில கட்டித் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு எறங்கவான்னு டிரைவர்கிட்ட கேட்டுட்டு வாடா," என்றார் அப்பா.

"இன்னைக்கு இது அசையாதுடா," என்றார் டிரைவர்.

நான் அதுவரை லொறியில் ஏறியதே இல்லை. அந்த ஆசையில், "இந்தா கெளம்புதாம்பா," என்றேன்.

மத்தியானம்வரை காத்திருந்துவிட்டுத் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாதி வழியிலேயே அவள் போய்விட்டாள். அப்பா சாகும்வரை டிரைவரைப் பொய்யன் என்றே ஏசினார். டிரைவர் மறுத்ததை யாரும் நம்பவில்லை. நான் வாய் திறக்கவில்லை.

"என்னங்க சொல்றாரு? நாளைக்குப் போயிறலாமா?" காருக்குள்ளிருந்து மனைவி கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது.

"இது இனி ஓடாது. விட்டுடுவோம்."

"அப்ப பஸ்சுதான். என்னைத் தூக்கி ஏத்த ஒங்களால ஏலுமா, கெழட்டு மனுசா?"

"ஏலாது," என்றேன்.

அவள் வீங்கிய கால்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்து, என் தோளைப் பிடித்தாள்.