நத்தை ஓடுகள் கிடந்த மனை

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு கோடைக்கால ஞாயிறு மதியம். நெமிலிச்சேரியில் ரயில் நிலையத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு மனை பேசி முடித்திருந்தேன். குடியிருக்கத் திருமுல்லைவாயிலில் ஃபிளாட் இருந்தது, இது முதலீடு. மனையை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை விற்றுவிடலாம் என்று நினைப்பு. மறுநாள் பத்திரப்பதிவு. தரகர் இல்லாமல் ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று தனியாகப் போனேன்.

தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. மாடி வைத்த வீடுகள் ஏழெட்டு இருந்தன. எந்த வீட்டின் கீழ்த்தளத்திலும் ஒரு திரைச்சீலை இல்லை, வாசலில் செருப்பு இல்லை. எல்லாச் சுவர்களிலும் என் கழுத்து உயரத்துக்கு ஒரே பழுப்புக் கோடு. மனைக்குள் கால் வைத்ததும் ஏதோ நொறுங்கியது. குனிந்து பார்த்தால் மண் முழுக்க நத்தை ஓடுகள்.

நிமிர்ந்தேன். எதிர்வீட்டு மாடி ஜன்னலில் ஒரு பெண்மணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகவோ.

"இன்னா தம்பி, மனை பாக்க வந்தியா? அது ஏரி."

நான் சிரித்துக்கொண்டே, அனுமதி வாங்கிய மனைதான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. கீழே பூட்டிக் கிடந்த அறையைக் காட்டினார்.

"எங்களுக்கும் பேப்பரு காட்னாங்க. எங்க மாமியாரு அந்த ரூம்லதான் படுத்துகினு இருந்தாங்க. தண்ணி வந்த சத்தமே கேக்கல தம்பி. காலைல எறங்குனா, பாதிப் படிக்கு மேல தண்ணி நிக்கிது."

பதிவைத் தள்ளிப்போட்டேன். சர்வே எண்ணை வைத்து நிலப் பயன்பாட்டு வரைபடத்தைத் தேடிப் பார்த்தேன். அது குடியிருப்புப் பகுதியே இல்லை, நீர்நிலை. மனைப்பிரிவுக்கு முறையான அனுமதியும் கிடையாது. தரகர் காட்டியது யாரோ முத்திரை குத்திய வெறும் படம். முன்பணம் போனால் போகட்டும் என்று சத்தமில்லாமல் விலகிக்கொண்டேன்.

மழைக்காலம் முடியும் சமயம், மனசு கேட்காமல் ஒரு மாலை அங்கே போனேன். அந்தப் பெண்மணியின் ஜன்னல் மூடியிருந்தது. மனை இருந்த இடத்தில் அசையாத தண்ணீர். அதன் நடுவே யாரோ புதிதாக எழுப்பிய வீட்டின் தூண்கள். ஒன்றில் தூண் நிறுத்திய பூஜைக்குக் கட்டிய மாவிலை இன்னும் காயாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் தப்பித்த கதையைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் முன்பின் தெரியாத எனக்கு அந்தப் பெண்மணி சொன்ன ஒரு வார்த்தையை, எனக்குப் பின் அங்கே வந்தவருக்கு நான் சொல்லவில்லை என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.