இரண்டாவது கொக்கித்தடி

“பெத்த பையனைத் தொரத்திட்டு மெஷினை வாங்கிட்டு வந்த ஆளு” என்றுதான் அவரைப் பற்றி முதலில் கேள்விப்பட்டேன். சொன்னவர் முடிதிருத்துபவர். அவருக்குச் சொன்னது யாரோ. கத்தரிக்கோலை என் காதருகே நிறுத்தி, “ஆனா வேலை சுத்தம். உங்க மரத்துக்கு அவர்தான் சரி” என்றும் சேர்த்துக்கொண்டார்.

புயலில் என் வீட்டின் பின்புறம் ஒரு பெரிய மரம் விழுந்து கிடந்தது. இரண்டு வாரத்துக்குள் அகற்றச் சொல்லி நகர அலுவலகத்திலிருந்து கடிதம். நான் குடியேறிய இந்த நாட்டின் மொழியில் வரும் கடிதங்களை நான் எப்போதும் நாலு தடவை படிப்பேன். இதை ஆறு தடவை படித்தேன்.

சனிக்கிழமை காலையில் பலகைக்காரர் வந்தார். இங்குள்ள நம் ஆட்களிடம் அவருக்கு அதுதான் பெயர். வந்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. இரும்பைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை எடுத்து, நோயாளியின் முதுகில் வைப்பதுபோல் மரம் முழுக்க வைத்துப் பார்த்தார். “துணி காயப்போட எவனாவது எப்பவோ ஆணி அடிச்சிருப்பான். மரம் அதை முழுங்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி வளர்ந்திரும். என் பிளேடுதான் மாட்டும்.”

அவருடைய மெஷின் சிறியது. வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்துவிடலாம். தண்டவாளம்போல இரண்டு இரும்புச் சட்டங்கள், அவற்றின் மேல் நகரும் இயந்திரம், அதில் இரண்டு சக்கரங்களைச் சுற்றி ஓடும் நாடா ரம்பம். அதைக் கையால்தான் தள்ளுகிறார், குழந்தை வண்டியைத் தள்ளும் வேகத்தில். “அவசரப்பட்டா பிளேடு அலையும். பலகை வயிறு வெச்சிரும்.” தேநீருக்கு நிறுத்தினால்கூட முதலில் ரம்பத்தின் இறுக்கத்தைத் தளர்த்திவிடுவார். “நமக்கு மட்டும்தான் ஓய்வா?”

அவர் மனைவியும் கூடவே வருகிறார். அறுத்த பலகைகளின் முனைகளுக்கு மெழுகு தடவுவது அவர் வேலை. தடவாவிட்டால் காயும்போது வெடித்துவிடுமாம்.

வண்டியில் இரண்டு கொக்கித்தடிகள் கிடந்தன. ஆள் மார்பளவு மரப்பிடி, அடியில் கட்டையைக் கவ்விப் புரட்ட இரும்புக் கொக்கி. ஒன்றின் பிடி வியர்வையில் கறுத்திருந்தது. மற்றதில் கடை மெருகு இன்னும் போகவில்லை.

“அது நாலு வருஷமா சும்மா ஊர் சுத்திப் பாக்குது” என்றார் அந்த அம்மாள். பிறகு அவர்தான் சொன்னார். மெஷின் வாங்கப் போன கடையில் இரண்டு இருந்தன. பெரியது கட்டையைத் தானே தூக்கிப் புரட்டும், ஆனால் இரண்டு பேர் நிற்க வேண்டும். மகனுக்கு அதன்மேல் ஆசை. இவர் மூன்று தடவை போய் மூன்று தடவையும் ஒரே கேள்விதான் கேட்டார்: “ஒருத்தரால தள்ள முடியுமா?” பக்கத்தில் மகன் நின்றிருந்தான்.

“என் முதுகு போனது போதும், இந்த வேலைக்கு வராம அவன் முதுகாவது தப்பட்டும்னு நினைச்சேன்” என்றார் பலகைக்காரர், ரம்பத்தைப் பார்த்தபடி.

“நினைச்சீங்க. வாயைத் திறந்து சொன்னா தேஞ்சா போயிரும்?” என்று மனைவி கேட்டார். என் பக்கம் திரும்பினார். “‘ஒருத்தர் போதும்னா ஒருத்தரே பாத்துக்கங்கப்பா’ன்னான். அடுத்த வாரமே கிளம்பிட்டான். இப்ப எங்கயோ பெரிய மர மில்லுல வேலை. அங்க மட்டும் முதுகு வலிக்காதாக்கும்.”

அவர் அடுத்த கட்டையைப் புரட்டப் போனார்.

மதியத்துக்குள் நான்கு கட்டைகள் பலகையாகிவிட்டன. ஐந்தாவது அடிமரம், எல்லாவற்றிலும் பெரியது. இருவரும் கம்பி வடம் சுற்றும் கைவிசையால் இழுத்து அதை மெஷின்மேல் ஏற்றினார்கள். ஒரு பக்கம் அறுத்தாகிவிட்டது. இனி புரட்ட வேண்டும். அவர் கொக்கியை மாட்டி முழு உடம்பையும் சாய்த்தார். கட்டை அசையவில்லை. நான் ஓடினேன்.

“தள்ளி நில்லுங்க தம்பி. பழக்கமில்லாத ஆள் பிடிச்சா கால் போயிரும்.”

“பாதியா அறுத்துட்டா நீங்களே புரட்டிருவீங்கல்ல?” என்றேன். எனக்குக் கடிதத்தின் தேதிதான் கவலை.

அவர் உள்ளங்கையால் கட்டையின் முழு நீளத்தையும் தடவினார். “பத்துப் பேர் உக்காந்து சாப்பிடுற மேஜை இது. துண்டாக்க மனசு வரல.” காதுக் கவசத்தைக் கழற்றினார். “நாளைக்கு ஞாயித்துக்கிழமை. அவனுக்கு லீவுதானே?”

மனைவியின் கை மெழுகு டப்பாவிலேயே நின்றுவிட்டது. “என் போன்ல கூப்பிடுங்க. முதல் மணியிலயே எடுப்பான்.”

“வேண்டாம். என் நம்பர்லேருந்துதான் போகணும்.”

“நாலு வருஷத்துல ஒரு தடவை கூப்பிட்டிருக்கீங்களா? எனக்கு ஏதோ ஆயிருச்சுன்னு பயந்துரப் போறான்.”

“பயந்தாவது எடுக்கட்டும்.”

“எடுத்தா என்ன சொல்லுவீங்க?”

கைப்பேசியை எடுத்தார். “ரெண்டு பேர் வேணும்னு.”

எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு, கைப்பேசியைக் கட்டையின் அறுத்த முகத்தில் வைத்தார். மணி போனது. மூன்று, நான்கு. அந்த அம்மாள் எழுந்து நின்றார். பலகைக்காரர் வண்டிக்குப் போய்ப் புதுத் தடியை எடுத்து வந்தார். அதன் பிடியைச் சட்டையால் ஒருமுறை துடைத்தார். கட்டையின் மறுமுனையில் கொக்கியை மாட்டி, ஒரு ஆள் வந்து பிடிக்கத் தோதாகச் சாய்த்து நிறுத்தினார். பிறகு தன் முனைக்குத் திரும்பி வந்து, தன் தடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

மணி போய்க்கொண்டிருந்தது.