தலைதீபாவளிக்கு எண்பது ஜிபி

தீபாவளியன்று மத்தியானம், ஆரியசாலையில் எங்கள் வீடியோ கேம் கடை வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. வத்தல் மண்டி செல்லையா அண்ணாச்சி புது வேட்டி சட்டையோடு இறங்கினார். முந்தின நாள் நான் விற்ற கேம் மெஷினை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். மெஷினுக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தது.

"மக்களே, இது என் மானத்த வாங்கிட்டுது" என்றார். எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு பிள்ளையைக்கூடப் பெரியவர்கள் மக்களே என்றுதான் கூப்பிடுவார்கள்.

எனக்கு ஏற்கெனவே எரிச்சல். இந்த மலையாள ஊரில் ஓணத்துக்குத்தான் கடை அடைப்பார்கள். தீபாவளிக்கு லீவு கேட்டதற்கு முதலாளி, "காலையில எண்ணெய் தேச்சுக் குளிச்சா பண்டிகை முடிஞ்சுது, பின்ன எதுக்கு லீவு?" என்று சொல்லிவிட்டார். நாகர்கோவிலில் அம்மா முறுக்கோடு காத்திருக்க, நான் இங்கே கவுண்டரில் நின்றேன். அந்த எரிச்சலும் இந்தக் கதையில் ஒரு வேலை செய்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

1. சின்னதும் பெரியதும்

இது இரண்டாயிரத்து எட்டு வாக்கில் நடந்தது. மெஷின்களைக் கடையில் ஒண்ணு, ரெண்டு, மூணு என்றுதான் சொல்வோம். ஒண்ணின் டிஸ்க் ரெண்டிலும் ஓடும். ரெண்டில் ஆட்டத்தைச் சேமிக்க எட்டு எம்பி மெமரி கார்டு ஒன்றைச் சொருக வேண்டும். மூணுக்கு உள்ளேயே ஹார்ட் டிஸ்க் உண்டு. முதலில் வந்த அறுபது ஜிபி மாடலில் ரெண்டின் சிப்பையும் சேர்த்து வைத்திருந்தார்கள், அதனால் ரெண்டின் டிஸ்க் அதில் ஓடும். பிறகு எங்களுக்கு வந்த எண்பதில் இடம் கூடியது, அந்த சிப் போய்விட்டது. வெளியே இருந்து கண்டுபிடிக்க ஒரே வழி, முன்பக்கத்து யுஎஸ்பி ஓட்டைகளை எண்ணுவது. நாலு இருந்தால் பழைய டிஸ்க் ஓடும், இரண்டு இருந்தால் ஓடாது.

இதை முந்தின நாளே அண்ணாச்சியிடம் நான் சொல்லாமல் இல்லை.

"மாப்பிள்ளை ஒரே விஷயந்தான் கேட்டாரு. பழைய டிஸ்க் ஓடணும்னு."

"அப்படின்னா அறுபதை எடுங்க அண்ணாச்சி. எண்பதுல பழசு ஓடாது."

"அறுபது கிலோ சாக்குல கொள்ளுகது எண்பது கிலோ சாக்குல கொள்ளாதா? என்ன கணக்கு பிள்ள இது?"

"சாக்கு வேற, சரக்கு வேற அண்ணாச்சி."

"தலைதீபாவளிக்கு மாப்பிள்ளைக்குச் சின்னதைக் குடுத்தான் செல்லையான்னு சம்பந்தக்காரங்க பேசணுமா?"

அப்பளம் முதல் அரிசி வரை எல்லாமே எடை பார்த்து விற்கிற தெருவில் பிறந்து வளர்ந்த மனிதர் அவர். முதலாளியும் குறுக்கே வந்து, "எண்பதையே எடு பிள்ள, அண்ணாச்சிக்குத் தெரியாத கணக்கா?" என்றார். நான் பெட்டியை எடுத்து டொப்பென்று மேஜையில் வைத்தேன்.

அண்ணாச்சி எக்ஸ்சேஞ்சுக்குப் பழைய ரெண்டு ஒன்றையும் கொண்டு வந்திருந்தார். "மூத்தவனுக்கு வாங்கினது. அவன் சார்ஜாவுக்குப் போயாச்சு, இது சும்மா கிடக்கு" என்றார். எக்ஸ்சேஞ்சில் வரும் மெஷினைத் துடைத்து, கார்டில் இருப்பதை அழித்து, அன்றைக்கே அலமாரியில் ஏற்றிவிட வேண்டும் என்பது எங்கள் கடை வழக்கம். மறுநாள் லீவு இல்லை என்று தெரிந்த கோபத்தில் நான் அதை மேஜைக்கு அடியில் காலால் தள்ளிவிட்டேன்.

2. சாரமில்ல

தீபாவளி மத்தியானத்துக்கு வருவோம். புது டிஸ்க் ஓடுகிறது, பழைய டிஸ்க் ஓடவில்லை. காரணம் குங்குமம்தான் என்று அண்ணாச்சி தீர்மானமாக இருந்தார்.

"நெத்தி எதுன்னு தெரியல மக்களே. டிஸ்க் போடுக வாய்க்கு மேல வச்சோம். உள்ள விழுந்திருக்கும், கேட்டியா?"

"மாப்பிள்ளை என்ன சொன்னாரு?"

அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். "சாரமில்ல மாமான்னு சொன்னாரு."

பரவாயில்லை என்பதற்கு இந்த ஊரில் எல்லாரும் சொல்வதுதான் அது. "பின்ன என்ன அண்ணாச்சி, சாரமில்லன்னுதானே சொன்னாரு?"

"சொல்லிட்டுச் சிரிச்சாரு. உள்ளுக்குள்ள கோவம் இருக்கவன்தான் அப்படிச் சிரிப்பான். மகளும் அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திட்டா. காலையில இருந்து பச்சத் தண்ணி குடிக்கல."

மாற்றிக் கொடுக்கலாம் என்றால் அறுபது அன்று காலையிலேயே விற்றுப்போயிருந்தது. இருந்திருந்தாலும் பயனில்லை. கொடுத்த சீரைத் திரும்ப எடுத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று அண்ணாச்சி வீட்டு மதினி சொல்லிவிட்டாராம். குங்குமம் வைத்த மெஷினை எந்த விநியோகஸ்தரும் திரும்ப எடுக்க மாட்டார் என்று எங்கள் முதலாளியும் சொன்னார். "நீ கூடப் போய்ப் பாரு பிள்ள. அந்தப் பழசை நான் அழிச்சு அலமாரியில வச்சிடுகேன்" என்று என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

அண்ணாச்சி வீட்டில் எல்லாரும் டிவி முன்னால் சாவு வீட்டில் போல உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை கண்ணனுக்கு அலுவலக வேலை, ஸ்ரீவராகத்தில் வாடகை வீடு. நல்ல பையனாகத்தான் தெரிந்தார். நான் மெஷினைத் துடைத்து மாட்டிவிட்டு, "எந்த டிஸ்க் ஓடணும் சார்?" என்று கேட்டேன்.

அவர் திருதிருவென்று விழித்தார். "ஏதோ ஃபுட்பால்" என்றார்.

"எந்த ஃபுட்பால்?"

சாத்திய கதவைப் பார்த்தார். எனக்குப் பொறி தட்டியது. இந்த மனிதர் வாழ்நாளில் கன்ட்ரோலரைக் கையில் பிடித்ததே இல்லை.

கதவு திறந்தது. அண்ணாச்சியின் மகள் சுபா, பட்டுப்புடவையும் அழுத முகமுமாக வந்து நின்றாள். "டிஸ்க் என்னோடது" என்றாள்.

3. கோல்கீப்பர்

அண்ணன் சார்ஜா போனதிலிருந்து அந்த ரெண்டில் விளையாடிக்கொண்டிருந்தது இவள். அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தால் பொம்பளைப் பிள்ளைக்கு இது எதுக்கு என்பார். அதனால் டிஸ்க்குகளை மட்டும் சேலைக்கு நடுவில் வைத்துப் புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். விஷயத்தை அறிந்த கண்ணன், தனக்கு வேண்டும் என்று மாமனாரிடம் கேட்டிருக்கிறார்.

"டிஸ்க்தானே மக்களே, வேற வாங்கிக்கலாம்" என்றார் அண்ணாச்சி.

"டிஸ்க் போனாப் போட்டும். கார்டு போச்சே" என்று சுபா மறுபடி அழுதாள். "பழைய மெஷின் இங்க இருக்கும், தீபாவளிக்கு வந்து எடுத்துக்கலாம்னு இருந்தேன். எங்க டீம் அதுக்குள்ளதான் இருக்கு. ஃபைனல் மட்டும்தான் பாக்கி."

"எங்க டீம்னா?"

"நம்ம எல்லாரும்தான். மண்டியில மூட்டை தூக்குக அண்ணன்மார், அம்மா, நீங்க. எல்லார் பேரையும் நானே போட்டேன்."

அண்ணாச்சி மகள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, "என்னை எங்க நிப்பாட்டியிருக்க?" என்றார்.

"கோல்கீப்பர்."

"அது ஏன்?"

"நீங்கதான் எதையும் உள்ள விடமாட்டீங்கல்லா."

மதினி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அண்ணாச்சி என்னைப் பார்த்து, "அந்தக் கார்டு எவ்வளவு மக்களே?" என்றார். எட்டு எம்பி என்றேன். ஆயிரம் எம்பி சேர்ந்தால்தான் ஒரு ஜிபி என்றும் சொன்னேன். "அப்போ இத்தனை அழுகையும் ஒரு சிட்டிகைக்கா?" என்றார். 

அப்போதுதான் முதலாளி சொன்னது எனக்கு உறைத்தது. அழிச்சு வச்சிடுகேன் என்றாரே. கடைக்கு ஃபோன் போட்டால் மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. ஆட்டோவுக்குக் காத்திராமல், செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். பின்னாலேயே அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார், அவருக்குப் பின்னால் மாப்பிள்ளை. தெருவில் இருந்தவர்கள் ஏதோ திருடனைத் துரத்துகிறோம் என்று வழி விட்டார்கள்.

கடை டிவியில் 'அழிக்கவா?' என்று ஆங்கிலத்தில் கேள்வி நின்றது. முதலாளி நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். காலையில் எண்ணெய்க் குளியல், மத்தியானம் வயிறு முட்டச் சாப்பாடு, பிறகு யாருக்குத்தான் கண் சொக்காது? கன்ட்ரோலர் அவர் மடியில் கிடந்தது. கட்டைவிரல் பட்டன் மேலேயே இருந்தது. தட்டி எழுப்பினால் பதறி அழுத்திவிடுவார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகப் போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

கார்டு அப்படியே இருந்தது. முந்தின நாள் நான், சொன்ன பேச்சைக் கேட்கிற நல்ல வேலைக்காரியாக இருந்திருந்தால் அது அன்றைக்கே போயிருக்கும்.

அரை மணியில் பழைய மெஷின் அண்ணாச்சி வீட்டு டிவியில் ஏறியது. எண்பது ஜிபி பக்கத்தில் சந்தன வாசனையோடு சும்மா இருந்தது. சுபா பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். இடப்பக்கம் ஓடிய மதினிக்கு மெஷின் தாடி வைத்த முகம் கொடுத்திருந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்றார் மதினி. ஆட்டம் சமனாக முடிந்து பெனால்டிக்கு வந்தது. "பிடி டே செல்லையா, பிடி" என்று அண்ணாச்சி தன்னைத்தானே அதட்டினார். டிவிக்குள் இருந்த செல்லையா வலப்பக்கம் பாய, பந்து இடப்பக்கம் வலைக்குள் போயிற்று. கோப்பையும் போயிற்று.

 அண்ணாச்சி மகளைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாரமில்ல மாமா" என்றார் கண்ணன்.

முதலில் சிரித்தது சுபாதான். பிறகு வீடே சிரித்தது. அண்ணாச்சி மட்டும் சிரிக்காமல், "இன்னொரு தடவை போடு மக்களே. இந்த வாட்டி நான் இடப்பக்கம் பாயுகேன்" என்றார்.

இப்போது எனக்குச் சொந்தமாகக் கடை இருக்கிறது. எத்தனை ஜிபி, எத்தனை டிபி என்று கேட்டுக்கொண்டுதான் எல்லாரும் உள்ளே வருகிறார்கள். பழைய மெஷினில் வீட்டில் யார் விளையாடினார்கள் என்று நான் கேட்பேன். அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் புதுப் பெட்டியை எடுத்துக் காட்டுவேன்.